கடன் இல்லையா? ஏன் இல்லை என்றும் எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு பத்திரிகையைத் திருப்பினால் கடன் தருகிறோம் என்ற விளம்பரங்களுக்குக் குறைவே இல்லை. லீசிங், தங்கக் கடன், வீட்டுக் கடன், ஒரே நாளில் அனுமதி என்று பக்கம் பக்கமாக வருகின்றன. அனுமதி கிடைக்காதவருக்கு என்ன சொல்வார்கள் என்பது மட்டும் எதிலும் இருப்பதில்லை. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் உள்ள சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். தையல் கடை, சாப்பாட்டுக் கடை, கைபேசி திருத்தும் கடை என்று பலதும் உண்டு. கடன் விண்ணப்பத்துக்கு ஃபைல் தயாரிப்பதும் என் தலையில்தான் விழும். வியாபாரப் பதிவு, வங்கிக் கூற்று, கிராம சேவகர் சான்றிதழ், மின்சாரப் பட்டியல், பிணை நிற்பவர்களின் சம்பளச் சிட்டை என்று எல்லாம் சேர்த்துக் கொடுப்போம். வீட்டுக் கடன் என்றால் மதிப்பீட்டாளருக்கும் காணி உறுதி பார்க்கிற சட்டத்தரணிக்கும் விண்ணப்பதாரர்தான் பணம் கட்ட வேண்டும். கடன் கிடைக்காவிட்டால் அந்தக் காசு போனதுதான். இவ்வளவுக்கும் பிறகு ஒருநாள் தொலைபேசி வரும். "சொரி, ஹெட் ஒபிஸில அப்ரூவ் ஆகேல்ல." ஏன் என்று கேட்டால், "அது எங்களுக்கும் தெரியாது."

கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கும் இதுதான் நடந்தது. பாடசாலைச் சீருடை ஓடர் கையில் இருந்தது, இரண்டு ஓவர்லொக் மெஷின் வாங்கக் கடன் கேட்டார். வங்கியில் வரவு ஒழுங்காக இருந்தது, வாடகை பாக்கி இல்லை. மறுத்துவிட்டார்கள். "நான் என்ன பிழை விட்டனான் தம்பி?" என்று என்னிடம்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அவர் இன்னும் இரண்டு நிதிக் கம்பனிகளுக்குப் போனார், அங்கேயும் அதே பதில். கடைசியில் காப்புகள் செட்டியார் தெருவில் அடகுக்குப் போயின. போதாத தொகைக்கு மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி.

சீருடைச் சீசன் முடிந்த பிறகுதான் அவருடைய கிரிப் அறிக்கையை, அதாவது கடன் தகவல் பணியகத்தில் உள்ள அவருடைய கடன் வரலாற்றை, எடுத்துப் பார்த்தோம். அவர் பெயரில் எடுத்த கடன் எதிலும் குறை இல்லை. தங்கையின் கணவர் ஓட்டோ லீசிங் எடுத்தபோது இவர் பிணை கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தவணைகள் நிலுவையில் கிடந்தன. மைத்துனரும் வாயைத் திறக்கவில்லை, லீசிங் கம்பனியும் இவருக்கு ஒரு கடிதம் போடவில்லை. (பிணைக் கையெழுத்தைச் சொந்தத்துக்காகப் போடுகிற சும்மா கையெழுத்து என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள்.)

என் கணக்கில் அந்த மறுப்பில் தவறில்லை. நிலுவையில் இருக்கும் கடனுக்குப் பிணை நின்றவருக்குப் புதுக் கடன் கொடுக்கத் தயங்குவது நியாயம்தான். காரணத்தைச் சொல்லாமல் விட்டதுதான் அநியாயம். ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றைக்கே மைத்துனரைப் பிடித்து நிலுவையைக் கட்ட வைத்திருப்பார். சொல்லாததால், சரிசெய்ய வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் கம்பனி கம்பனியாக அலைந்தார். யார் யார் விசாரித்தார்கள் என்பதும் கிரிப் அறிக்கையில் பதிவாகும் என்பது அவருக்குத் தெரியாது.

கிரிப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "கிரிப்பில பேர் விழுந்திட்டுது" என்று நம்மவர்கள் ஏதோ கறுப்புப் பட்டியல் போலப் பேசுகிறார்கள். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கடன் தகவல் பணியகம் அது. ஒழுங்காகக் கட்டிய கடனும் அதில் இருக்கும், கட்டாததும் இருக்கும். கடன் கொடுப்பதா இல்லையா என்று அது தீர்மானிப்பதில்லை, தீர்மானம் வங்கியுடையது. கட்டணம் செலுத்தி நம் அறிக்கையை நாமே எடுக்கலாம். ஆனால் அதில் எந்த வரியைப் பார்த்து வங்கி கையை விரித்தது என்பது அறிக்கையில் இருக்காது. காரணம் கிரிப்பாகவே இல்லாமலும் போகலாம். வருமானம் போதாமல் இருக்கலாம், வயது இடிக்கலாம், அந்தத் தொழிலுக்கே இப்போது கடன் வேண்டாம் என்று மேலிடம் சொல்லியிருக்கலாம். அறிக்கை சுத்தமாக இருந்த ஒருவரிடமும் "கிரிப் பிரச்சினை" என்று சொல்லி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். சொல்வதற்கு இலகுவான பதில், கேட்பவரும் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு, வெளிப்படையாகவே எழுதுகிறேன். கிராண்ட்பாஸ், முகத்துவாரம் பக்கம் தோட்டத்து (நெருக்கமான ஏழைக் குடியிருப்பு) முகவரி என்றால் கடன் கிடைக்காது என்பது அங்கே எல்லோர் வாயிலும் உள்ள பேச்சு. தமிழ்ப் பெயர் என்பதால் இருக்குமோ, புருஷன் இல்லாத பெண் என்பதால் இருக்குமோ என்றும் பேசுவார்கள். உண்மையா பொய்யா என்று என்னால் சொல்ல முடியாது. காரணம் எழுத்தில் வந்தால், பொய்யான சந்தேகம் அங்கேயே தீரும். உண்மையாக இருந்தால் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். ஐக்கிய அமெரிக்காவில் 1974 இல் கடன் வழங்கலில் சமவாய்ப்புச் சட்டம் வந்ததே, பெண்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் கடன் மறுத்த வழக்கத்துக்கு எதிராகத்தான். 1976 இல் அதைத் திருத்தியபோது இனமும் மதமும் சேர்ந்தன, மறுப்புக்குக் காரணம் சொல்லும் கடமையும் சேர்ந்தது. இன்று அங்கே விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்து 30 நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறிப்பான காரணத்தைச் சொல்ல வேண்டும், அல்லது காரணம் கேட்க உரிமை உண்டு என்றாவது எழுத வேண்டும். எங்கள் உள் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்ற மழுப்பல் செல்லாது. கணினிதான் முடிவெடுத்தது, அதன் கணக்கு சிக்கலானது என்ற சாட்டும் செல்லாது என்று அங்குள்ள நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2022 இல் தெளிவுபடுத்தியது.

அமெரிக்கா தூரம் என்றால் பக்கத்திலேயே இந்தியா இருக்கிறது. 2 இலட்சம் ரூபா வரையான சிறு கடனை மறுத்தால் முக்கிய காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003 இல் வங்கிகளுக்குச் சொன்னது. 2007 இல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு எல்லாக் கடனுக்கும், கடனட்டைக்கும் கூட, அதை விரித்தது. அதனால் அங்கே எந்த வங்கியும் மூழ்கிப் போகவில்லை.

நம்மிடமும் இப்படி ஒரு சட்டத் துண்டு இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு அது. பகிரங்க அதிகாரசபை ஒன்றின் அலுவலர் எடுத்த முடிவு ஒருவரைப் பாதித்தால், அவர் கேட்கும்போது காரணத்தை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அரச வங்கியில் விண்ணப்பித்தவர் இதைக் காட்டிக் கேட்கலாம். அதே வீதியில் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் தனியார் வங்கிக்கோ லீசிங் கம்பனிக்கோ போனவருக்கு அது கைகொடுக்காது. கணினி மட்டுமே எடுத்த முடிவை மீளப் பார்க்கும்படி கேட்கும் உரிமை 2022 இன் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டது. அதை நடைமுறைப்படுத்துவதோ தவணை சொல்லிச் சொல்லித் தள்ளிப்போனது.

வங்கியில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். கொடுப்பது வைப்பாளரின் பணம், மறுக்க எங்களுக்குச் சுதந்திரம் வேண்டாமா என்பார்கள். வேண்டும், அதில் நான் கை வைக்கவே இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை (மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையானது அது) ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திய பிறகு எத்தனை கடைகள் தவணை தவறின என்று எனக்கும் தெரியும், அவற்றின் பேரேட்டை எழுதியவனே நான்தான். வங்கி பயப்படட்டும். எதைக் கண்டு பயந்தது என்று சொல்லட்டும் என்றுதான் கேட்கிறேன்.

காரணத்தைச் சொன்னால் அடுத்த முறை அதற்கேற்ற மாதிரி ஃபைலைச் சோடித்துக்கொண்டு வருவார்கள் என்பது இன்னொரு வாதம். சோடிக்கிறவனுக்குக் காரணம் ஏற்கனவே தெரியும் ஐயா. உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்லிக் கொமிஷன் வாங்கும் புரோக்கர் அதைத்தானே விற்கிறான்! வங்கி வாயை மூடிக்கொள்வதால் பிழைப்பவன் அவன். நேர்மையாக வரிசையில் நின்றவருக்குத்தான் ஒன்றும் தெரிவதில்லை. அப்புறம், காரணம் எழுத நேரமில்லை என்பதும் சரிவராது. எந்தக் கடன் ஃபைலிலும் அதிகாரியின் குறிப்பு இருக்கும், பரிந்துரைக்கவில்லை என்றால் ஏன் என்றும் இருக்கும். புதிதாக எழுத ஒன்றும் இல்லை, எழுதியதை உரியவருக்குக் காட்டினால் போதும்.

மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு முறையிடலாமே என்று சிலர் சொல்வார்கள். என்னவென்று முறையிடுவது? காரணமே தெரியாத முடிவைப் பிழை என்று எப்படிக் காட்டுவது?

ஆகவே மத்திய வங்கியிடம் நான் கேட்பது பெரிதல்ல. வங்கி, லீசிங், நுண்கடன், கைபேசி ஆப் எதுவானாலும், கடனை மறுத்தால் முக்கிய காரணத்தை, விண்ணப்பதாரர் கேட்காமலே, எழுத்தில் தர வேண்டும். தகவல் கிரிப்பிலிருந்து வந்ததா வேறு எங்கிருந்து வந்ததா என்பதும் அதில் இருக்க வேண்டும். இது எல்லோருக்கும் கண்டிப்பாக நடக்கும் வரை, மறுக்கப்பட்ட வாசகர்கள் தொலைபேசிப் பதிலோடு நின்றுவிடாமல், ஒரு கடிதம் எழுதிக் காரணம் கேளுங்கள், பிரதியில் வங்கியின் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

கடிதமெல்லாம் செலவு என்றால் குறுஞ்செய்தியே போதும். "நீங்கள் பிணை நின்ற லீசிங்கில் தவணை நிலுவை உள்ளது" என்பது ஒரு வரிதான். அதைத் தமிழில் அனுப்ப வசதியில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தைப்பொங்கல் வாழ்த்தும் தவணை பிந்தினால் எச்சரிக்கையும் நல்ல தமிழில்தான் வந்துகொண்டிருக்கின்றன.

இப்படிக்கு,
கணக்கெழுதும் வாசகர்,
கொழும்பு 13.