ஒரே சர்வே கல், இரண்டு ஸோன்: தருமபுரி, கிருஷ்ணகிரி சர்வேயர்களுக்கு ஒரு திறந்த மடல்

டோட்டல் ஸ்டேஷனும் டிஜிபிஎஸ் கருவியும் தூக்கிக்கொண்டு வெயிலில் காடுமேடு அளக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம். நீங்கள் அனுப்பும் டிடபிள்யூஜி வரைபட ஃபைலை ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றி, அதன்மேல் கட்டடத்தை எழுப்புவது என் வேலை. உங்கள் உழைப்பின்மேல்தான் என் உழைப்பு நிற்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சூளகிரிப் பக்கம் மாந்தோப்பாக இருந்த இடத்தில் ஒரு தொழிற்கூடம் வருகிறது. மனையை ஒருவர் அளந்தார், எதிரே உள்ள ரோட்டை வேறொருவர். இரண்டு ஃபைலையும் சேர்த்துப் போட்டால் மனைக்கும் ரோட்டுக்கும் நடுவே சுமார் 650 கிலோமீட்டர். இருவர் அளவிலும் தப்பில்லை. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை நம் பக்கம்தான் போகிறது. உலகத்தை ஸோன் என்னும் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யுடிஎம் கணக்கில், அந்த ரேகைக்கு மேற்கே 43-ஆம் ஸோன், கிழக்கே 44. ஓசூர் 43-இல் இருக்கிறது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 44-இல். சூளகிரி அந்தத் தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஒரே சர்வே கல்லுக்கு ஈஸ்டிங் (ஸோனுக்கு ஸோன் தனியாக எண்ணும் கிழக்குத் தூரம்) ஒரு ஃபைலில் 8,25,000 மீட்டருக்கு மேல், இன்னொன்றில் 1,74,000 சொச்சம்.

“நகர்த்தி உட்கார வைத்துக்கொள் தம்பி” என்றார் ஒருவர். நகர்த்தினால் தீராது அண்ணே. ஸோனின் ஓரத்தில் கிரிட் நார்த், அதாவது யுடிஎம் கட்டத்தின் வடக்கு, உண்மையான வடக்கிலிருந்து விலகும். 43-இல் ஒரு பக்கம், 44-இல் மறுபக்கம். சூளகிரியில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 1.3 டிகிரி. 100 மீட்டர் காம்பவுண்டின் ஒரு முனையைப் பொருத்தினால் மறுமுனை 2.3 மீட்டர் தள்ளி நிற்கும். போதாக்குறைக்கு, இந்த ஓரத்தில் யுடிஎம் தூரம் தரையில் டேப் பிடித்த தூரத்தைவிட 100 மீட்டருக்கு 7, 8 செ.மீ. கூடுதலாக வரும். மண்வேலைக்கு அது பெரிதில்லை. பட்டறையில் துளை போட்டு வரும் இரும்புத் தூண்களுக்குப் பெரிது.

இன்னொரு சங்கடம். ரெவிட் தன் உள் ஆரிஜின் என்னும் பூஜ்யப் புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் இருப்பதைத்தான் நம்பகமாகக் கையாளும். நம் ஊர் நார்த்திங், அதாவது பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே எண்ணும் தூரம், 13, 14 லட்சம் மீட்டர். அப்படியே ஏற்றினால் வட்டம் பலகோணமாகத் தெரியும், பரப்பை நிரப்பும் ஹேட்ச் கோடுகள் உடையும், ஸ்நாப் புள்ளியைச் சரியாகப் பிடிக்காது. மனை ஆரிஜினுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், எங்கோ தெரியாமல் விழுந்த ஒற்றைப் புள்ளி போதும் இதே தொல்லைக்கு. ஃபைலை மூடுமுன் ஒருமுறை, வரைந்த எல்லாவற்றையும் திரைக்குள் காட்டும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுங்கள். மனை கடுகாகச் சுருங்கினால் அந்தப் புள்ளி இருக்கிறதென்று அர்த்தம்.

அதனால் நான் கேட்பது இதுதான். யுடிஎம் ஃபைலை மூலமாகப் பத்திரமாக வைத்திருங்கள், அழிக்க வேண்டாம். எனக்கு அனுப்பும் பிரதியில், மனையில் அசையாத ஒரு கல்லைப் பூஜ்யமாக வைத்து, தரை அளவுக்கு மாற்றித் தாருங்கள். அந்தக் கல்லின் ஈஸ்டிங், நார்த்திங், ஸோன் எண், ஸ்கேல் ஃபேக்டர் (யுடிஎம் தூரத்துக்கும் தரைத் தூரத்துக்கும் உள்ள விகிதம்), எந்த வடக்கு என்பதை டிராயிங்கிலேயே எழுதிவிடுங்கள். யூனிட்டை மீட்டர் என்று அமைத்து வையுங்கள். காலியாக விட்டால் மென்பொருள் தானாக ஊகிக்கும், சில நேரம் மீட்டர் மில்லிமீட்டராகிவிடும். புலப்படத்திலிருந்து பழைய லிங்க்ஸ் அளவை எடுத்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்; ஒரு லிங்க் 0.66 அடி. கிணறு, பாறை, வாய்க்கால் என்று தமிழில் எழுதினால் யூனிகோடில் எழுதுங்கள். பாமினியில் எழுதியது, அந்த எழுத்துரு இல்லாத என் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாக வருகிறது. கிணறு எங்கே என்று தெரியாமல் அஸ்திவாரம் போட எனக்குப் பயமாக இருக்கிறது.

சூளகிரி மனையில் கேட் இருக்கும் இடத்தை இன்னும் குறிக்கவில்லை. மனை அளந்த அண்ணனும் ரோடு அளந்த அண்ணனும் ஒரு காலை நேரம் அங்கே வந்து, இருவர் கருவியையும் ஒரே கல்லில் வைத்துப் பார்த்தால் அன்றே குறித்துவிடலாம். நாளைச் சொல்லுங்கள், தருமபுரியிலிருந்து நான் வந்துவிடுகிறேன்.