நீ சைக்கிளில் கடக்கும் வழிக்கு மேலே

கும்பகோணம்
12.6.2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். நான் ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "மியூசியம் பிடித்திருந்ததா அப்பா?" என்று கேட்கிறாய், நானும் "ரொம்பப் பிடித்திருந்தது" என்று சொல்லிவிட்டு, அங்கே குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்ற பேச்சுக்குப் போய்விடுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டு பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்றுக்கொடுத்தவன், வாழ்நாளெல்லாம் பார்க்க ஆசைப்பட்ட படங்களைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வது சரியாகப் படவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துக்குப் போனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். எண்பது அறைகள், எண்ணாயிரம் பொருள்கள் என்றால் யாருக்கும் கால்தான் முன்னால் போகும், கண் பின்னாலேயே தங்கிவிடும். உனக்கோ மறுநாள் அலுவலகக் கூட்டம். இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிட்டு வெளியே வந்தோம். செவ்வாய்க்கிழமை நீ வேலைக்குப் போன பிறகு, நீ எடுத்துக் கொடுத்திருந்த இரண்டாவது டிக்கெட்டோடு டிராம் பிடித்து நான் மட்டும் போனேனே, அந்த நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அன்று நேரே உள்ளே போகவில்லை. கட்டடத்தின் நடு வயிற்றைக் குடைந்துகொண்டு போகிறதே சைக்கிள் வழி, அங்கே அரை மணி நேரம் ஓரமாக நின்றேன். கய்பர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1885இல் இதைக் கட்டி முடித்தபோதே ஊர் வழி ஒன்று உள்ளே புகுந்து போகும்படி அமைத்திருக்கிறார். 2003இல் புதுப்பிக்கத் தொடங்கிப் பத்து ஆண்டு கழித்து, 2013இல்தான் திறந்தார்கள். அந்த வழியை எடுத்துவிட்டு அங்கேயே பெரிய நுழைவாயில் வைக்கலாம் என்று திட்டம் வந்தபோது, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் விடவே மாட்டோம் என்று நின்று வழியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வளைவுகளுக்குள் ஒலி நம் ஆயிரங்கால் மண்டபத்தில் நாகஸ்வரம் கேட்பதுபோல் சுழன்று சுழன்று வந்தது. சைக்கிள்கள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. நீயும் தினமும் காலையும் மாலையும் இதே வழியில்தான் போகிறாய். உன் தலைக்கு நேர்மேலே என்ன இருக்கிறது என்று தெரியுமா அம்மா? டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' மாட்டியிருக்கும் அறை அந்த வழிக்கு மேலேதான் இருக்கிறது. தீ விபத்து போன்ற ஆபத்து வந்தால் படத்தைக் கீழே இறக்கிவிடுவதற்காக, அந்த அறையின் தரையில் நீளமாக ஒரு திறப்புக்கூட வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தை நான் எத்தனை ஆண்டு பாடமாக நடத்தியிருப்பேன்! என் கையில் இருந்ததோ கலை வரலாற்றுப் புத்தகம் ஒன்றில் சீட்டுக்கட்டு அளவுக்கு அச்சான படம். மையும் தாளும் சேர்ந்து அதை முழுக்கக் கருப்பாக்கியிருந்தன. "இரவில் ஊர்க்காவலுக்குக் கிளம்பும் படை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது இரவே இல்லை. 1642இல் வரைந்த படத்தின்மேல் பூசிய வார்னிஷும் அழுக்கும் சேர்ந்து இருட்டிப்போனதால், நூறு ஆண்டுக்கும் மேல் கழிந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. படத்தின் முன்னால் நின்று பார்த்தால் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விரலால் காட்டலாம். கேப்டன் பானிங் காக் இடது கையை நீட்டிப் பேசிக்கொண்டே வருகிறார். அந்தக் கையின் நிழல் பக்கத்தில் நடக்கும் லெப்டினன்டின் மஞ்சள் அங்கியில், வயிற்றுக்கு நேராக, விரல் விரலாக விழுந்திருக்கிறது. வெளிச்சம், துணி, கை மூன்றுக்கும் இடையில் உள்ள தூரத்தை அந்த ஒரு நிழலே சொல்லிவிடுகிறது. அதை மட்டும் பத்து நிமிடம் பார்த்தேன். என் புத்தகத்தில் அந்த நிழல் இருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளிதான் இருந்தது.

படத்தின் அளவும் எனக்கு அதிர்ச்சிதான். அகலம் நாலரை மீட்டருக்கு மேல், உயரம் ஏறத்தாழ மூன்று மீட்டர் எண்பது சென்டிமீட்டர். வரைந்தபோது இதைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. 1715இல் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது, இரண்டு கதவுகளுக்கு நடுவில் இருந்த சுவரில் பொருந்தவில்லை என்பதற்காக நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். இடது பக்கம்தான் மிகுதியாகப் போனது. பழைய நகல் ஓவியம் ஒன்று தப்பியிருப்பதால் என்னென்ன இழந்தோம் என்று தெரிகிறது. அதை வைத்துக் கணினி உதவியோடு விடுபட்ட ஓரங்களை உருவாக்கி, 2021இல் சில மாதம் படத்தைச் சுற்றிப் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். வெட்டியது மட்டுமா? உலகப் போரின்போது துணியைச் சுருட்டி மாஸ்ட்ரிக்ட் நகரின் பக்கத்துச் சுண்ணாம்புக் குகையில் ஒளித்து வைத்தார்கள். 1975இல் ஒருவன் ரொட்டி வெட்டும் கத்தியால் கீறினான். 1990இல் இன்னொருவன் அமிலத்தை வீசினான், காவலர் உடனே தண்ணீர் ஊற்றியதால் வார்னிஷோடு போயிற்று. இத்தனைக்குப் பிறகும் அந்த நாய் முரசின் பக்கத்தில் குரைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது அந்தப் படம் ஒரு கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. 2019இல் தொடங்கிய ஆய்வுக்காக அமைத்த அறை அது. பழைய வார்னிஷை நீக்கும் வேலையை 2024 நவம்பரில் ஆரம்பித்து, எல்லார் கண்ணெதிரிலும் செய்கிறார்கள். ஞாயிறன்று நாம் கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம். செவ்வாயன்று உள்ளே ஒரு பெண்மணி வேலை செய்துகொண்டிருந்தார். கரைப்பான் தோய்த்த சின்னத் துணியைப் படத்தின்மேல் ஒட்டவைத்து, சற்று நேரம் பொறுத்து எடுத்து, மிச்சத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒற்றி எடுக்கிறார். உள்ளங்கை அகல இடத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தையும், பஞ்சைத் திருப்பித் திருப்பி நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பார்வையையும் என் மாணவர்கள் எல்லாரையும் கூட்டிவந்து காட்டியிருக்க வேண்டும்.

அந்த நீண்ட கூடத்திலேயே கொஞ்சம் முன்னால், அதே நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' இருக்கிறது. பெரிய படத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது ஒரு காலண்டர் அளவு: உயரம் 45.5 சென்டிமீட்டர், அகலம் 41. நம் வீட்டுக் கூடத்தில் பல ஆண்டுகள் தொங்கிய படம்தான். அம்மா அதைப் பார்த்து, "சட்டியில் பால் விழுகிற சத்தம் கேட்கிறது" என்பாள். ஆனால் அந்தத் தாளில் காணாதவற்றை இப்போது சொல்கிறேன். வெறும் வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கிறது. அந்த ஆணிக்கு ஒரு நிழல். பக்கத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள். சன்னலில் ஒரு கண்ணாடித் துண்டு உடைந்திருக்கிறது. ரொட்டியின் மேல்தோலில் வெளிச்சம் பட்ட இடங்களைக் கோடாக இழுக்காமல், கோலப்பொடியைக் கிள்ளி வைப்பதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்திருக்கிறார். அவள் இடுப்புத் துணியின் நீலம் ஆப்கானிஸ்தான் மலைகளில் எடுத்த லாபிஸ் லசுலி என்ற நீலக்கல்லை அரைத்துச் செய்தது. அன்றைக்கு அதைவிட விலையுயர்ந்த நீலம் இல்லை. அதை ஒரு வேலைக்காரப் பெண்ணின் துணிக்குப் பூசியிருக்கிறாரே என்பதுதான் என்னை அங்கேயே நிறுத்திவைத்தது. முதலில் அந்தச் சுவரில் ஜாடிகள் மாட்டும் பலகை ஒன்றை வரைந்து, பிறகு வேண்டாம் என்று மூடிவிட்டதை 2022இல் அகச்சிவப்புக் கதிர்களால் படம் எடுத்துக் கண்டுபிடித்தார்கள். அடுக்களை நிறையச் சாமான் வரையத் தெரிந்தவர், சாமானை எடுத்துவிட்டுச் சுவரை வரைந்திருக்கிறார். நான் வகுப்பில் "தாளை நிரப்பு, நிரப்பு" என்றே சொல்லிவந்தேன். அது தவறு என்று இப்போது தோன்றுகிறது.

அதே மியூசியத்தில் இருக்கும் நடராஜரைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. நீர் சூழ்ந்த அந்த ஆசியக் கலைக் கூடத்துக்கு நாம் ஞாயிறன்று போகவே இல்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனி, உயரம் 153 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 300 கிலோ. அங்கே உள்ள ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் 1935இல் வாங்கியது. சில ஆண்டுகளுக்கு முன்பு அதை லாரியோடு சேர்த்து, துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவிக்குள் செலுத்திப் பார்த்து, மூர்த்தியும் திருவாசியும் காலடியில் கிடக்கும் முயலகனும் உட்பட எல்லாமே உள்ளே கூடில்லாமல் கனமாக வார்க்கப்பட்டவை என்று உறுதி செய்திருக்கிறார்கள். சுவாமிமலைப் பட்டறையில் மெழுகுருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசுவதைச் சின்ன வயதில் உனக்குக் காட்டினேனே, அங்கிருந்த ஸ்தபதி இதை ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார். ஆனாலும் அவர்கள் அத்தனை கவலையோடு அதைத் தெரிந்துகொள்ள விரும்பியதை நான் மதிக்கிறேன்.

கோயிலில் நாம் பார்க்கும்போது மாலையும் பட்டும் சாத்தி முகமும் குஞ்சித பாதமும்தான் தெரியும். அங்கே எதுவும் இல்லை. சுற்றிவந்து முதுகைப் பார்த்தேன். விரிந்த சடையின் பின்புறமும் வேலைப்பாடு குறையாமல் இருந்தது. அழகைப் பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது. ஒரு கற்பூர வெளிச்சம் படாமல், எந்த வீதியில் உலா போன மூர்த்தியோ இப்படி நிற்கிறதே என்று கனக்கவும் செய்தது. இரண்டும் உண்மை. செருப்புக் காலோடு நின்றது உறுத்தியதால், கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். காவலர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இனி வேண்டுகோளுக்கு வருகிறேன். அந்த மியூசியத்தில் படம் எடுப்பதற்குப் பதிலாகப் படம் வரையுங்கள் என்று 2015 முதல் வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். பென்சில் இருந்தால் போதும், எந்த ஓவியத்தின் முன்னாலும் நின்று வரையலாம். நான் வரைந்தேன். அந்த ஆணியையும் நிழலையும் மட்டும், நான்கு தாளில் நான்கு முறை. நான்காவதில்தான் ஆணி சுவரைவிட்டு வெளியே வந்தது.

பத்தாம் வகுப்புவரை நீ எவ்வளவு வரைந்தாய் என்பது எனக்குத் தெரியும். பொதுத்தேர்வு என்று சொல்லி உன் ஓவிய நோட்டை எடுத்துப் பரணில் வைத்தவன் நான்தான். ஓவிய ஆசிரியனே அதைச் செய்தேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அந்த நோட்டை நேற்று இறக்கித் தூசி தட்டினேன். வாழைத்தாரும், பாட்டியின் கையும், நம் தெருத் தேர்ச் சக்கரமும் அப்படியே இருக்கின்றன. நீ இருக்கும் இடத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் அந்தக் கட்டடம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குத் திறந்தவுடன், கூட்டம் வருமுன் போ. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒரே படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நில், அதில் ஏதாவது ஒரு துண்டை வரை. எந்தப் படம் என்பது உன் விருப்பம். என்னைக் கேட்டால், நீல மேலாடையோடு ஒரு பெண் கடிதம் படிக்கும் வெர்மீரின் படம் உனக்குப் பிடிக்கும்.

இங்கே நான் சும்மா இல்லை. அந்த மியூசியம் தன் படங்களைப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. இரவுக் காவலை மட்டும் 71,700 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒளிப்படமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். நம் தெருமுனை ஃபிளெக்ஸ் கடையில் பால் ஊற்றும் பெண்ணை அசல் அளவில் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் அச்சில் நீலம் கறுத்துவிட்டது; கடைக்காரத் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து நிறத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். சரியாக வந்தால் அடுத்தது இரவுக் காவல், நாலரை மீட்டர் அகலத்தில். பள்ளிக்கூட மண்டபச் சுவரில் மாட்டிக்கொள்ளத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி, வெயில் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்கப் போகிறேன்.

நீ வரைந்ததை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். அசல் தாளையே உறையில் போட்டுத் தபாலில் அனுப்பு. உன் நோட்டில் கடைசியாக எட்டுத் தாள் வெறுமையாக இருக்கிறது, அதில் ஒட்டிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா