600 ரூபாய்ப் பல்

சோழவந்தான்,
புரட்டாசி 22

அன்புள்ள முத்துவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு பேசினால் அப்படித்தான். அதனால் பேப்பரை எடுத்துவிட்டேன். இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவது உன் தங்கச்சி பொறுப்பு.

புரிந்த மட்டும் இதுதான். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் பத்து நாளாக வலிக்கிறது. கெட்ட நரம்பை உள்ளேயிருந்து எடுத்து அடைக்கிற ரூட் கெனாலுக்கும், அதன்மேல் மாட்டுகிற மூடியான கேப்புக்கும் சேர்த்து 14,000 கேட்கிறார்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறாய். தீபாவளிக்கு வரும்போது பிடுங்கிவிட்டால் 500 ரூபாயோடு போகும் என்கிறாய். "மிச்சம் பிடிக்கணும்னு நீங்கதானேப்பா சொல்வீங்க" என்று வேறு கேட்டாய்.

சொன்னேன்தான். ஆனால் பல் விஷயத்தில் நான் மிச்சம் பிடித்த லட்சணத்தை உன்னிடம் சொன்னதில்லை.

நீ டிப்ளமோ இரண்டாம் வருஷம் படிக்கும்போது எனக்கு வலது கடைவாயில் ஒரு கரும்புள்ளி. மதுரையில் காட்டினேன். "சின்னச் சொத்தை, அடைத்துவிடலாம், 600 ரூபாய்" என்றார் டாக்டர். வலிக்காத பல்லுக்கு எதற்கு 600? அந்த வாரம் நம்ம வெற்றிலைக் கொடிக்காலில் ஆள்கூலி பாக்கி இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். பல்லின் மேல்தோட்டுக்கு உணர்ச்சியே கிடையாது என்பது அப்போது தெரியாது. சொத்தை அதைத் தாண்டி உள்ளே இறங்கின பிறகுதான் வலி வரும். வலிக்கும்வரை காத்திருப்பது, கிணறு வற்றின பிறகு மோட்டாரைப் பார்ப்பது மாதிரி.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ராத்திரி வலித்தது பார், தெருவில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேன். கிராம்பை வைத்தேன். அதில் இருக்கும் யூஜினால் என்கிற பொருள் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், பல் டாக்டர் அறையில் அடிக்கும் வாசனையும் அதுதான். ஆனால் அதனால் சொத்தை போகாது. தலைவலி மாத்திரையைப் பல்லிடுக்கில் வைத்தேன், ஈறு வெந்து புண்ணானதுதான் மிச்சம். நீ அந்த வேலை செய்யாதே. கடைசியில் ரூட் கெனால், 4,000 ரூபாய், மதுரைக்கு மூன்று நடை. கேப்புக்கு 4,500 என்றார்கள். வலிதான் போய்விட்டதே, அதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். அங்கேதான் இரண்டாவது புத்திசாலித்தனம். ரூட் கெனால் செய்த பல் உள்ளே குடைந்த பல், கேப் இல்லாவிட்டால் தாங்காது. எட்டு மாதத்தில் உன் அம்மா சுட்ட முறுக்கு. டக்கென்று ஒரு சத்தம். பல் நெடுக்கப் பிளந்து, பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

பிடுங்கினதோடு முடிந்ததா? பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய ஆரம்பித்தது, மேல் பல் கீழே இறங்குகிறது. இப்போது பல் கட்ட 12,000 ஆகும் என்கிறார்கள். நான் இடது பக்கமாகவே மென்று காலத்தைத் தள்ளுகிறேன். 600 ரூபாயை மிச்சம் பிடித்த கதை இது.

ஆகவே பிடுங்கும் பேச்சை விடு. உனக்கு 26 வயது, அந்தப் பல்லுக்கு இன்னும் நாற்பது வருஷ வேலை இருக்கிறது. தீபாவளிவரை காத்திருக்கவும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று கூசி உடனே அடங்குகிறதா? சொத்தையை அடைப்பதோடு முடிந்துவிடலாம். ராத்திரியில் தானாக எழுந்து விண்விண்ணென்று தெறிக்கிறதா? அப்படியானால் நரம்புவரை போயிருக்கும். திடீரென்று வலி நின்றுவிட்டாலும் சந்தோஷப்படாதே, நரம்பு செத்திருக்கும், உள்ளே சீழ் பாட்டுக்கு வேலை பார்க்கும். கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரியானாலும் சரி.

இனி பணம். உன் 18,500 சம்பளத்தில் மாதாமாதம் 139 ரூபாய் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். நூற்றுக்கு முக்கால் ரூபாய் உன்னுடையது, மூன்றே கால் ரூபாய் கம்பெனி போடுகிறது. இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டு ஒரு நாள்கூட டிஸ்பென்சரி வாசலை மிதிக்காதவன் 14,000 அதிகம் என்கிறாய். கார்டை எடுத்துக்கொண்டு போய், பல்லுக்கு எங்கே அனுப்புவார்கள் என்று கேள். அது சரிவராவிட்டால் சென்னையிலேயே கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டுப் போடு. காத்திருக்க வேண்டும், நாலைந்து நடை ஆகும். படிக்கிற பிள்ளைகள்தான் செய்வார்கள், ஆனால் பேராசிரியர் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த கட்டம். அதனால் மெதுவாக நடக்கும், அதுவே எனக்கு நம்பிக்கை. இங்கே என்றால் மதுரை கீழவெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அம்மாவின் ஆடின பல்லைப் பெரியாஸ்பத்திரியில் காசில்லாமலே எடுத்தோம். ஆனால் நீ இருப்பது அங்கே.

தனியாரிடமே போவதென்றாலும் எக்ஸ்ரேயைக் கையில் வாங்கிக்கொள், இன்னொரு இடத்தில் காட்டலாம். சொன்ன தொகையில் கேப் சேர்த்தியா என்று முதலிலேயே கேள். பல் நிறத்துக் கேப்புக்கு விலை ஏறும், கடைவாய்ப் பல்லுக்கு உலோகக் கேப் போதும், பலமாகவும் இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்து யார் மார்க் போடப் போகிறார்கள்?

அம்மா கதை வேறு. அவள் பல்லில் சொத்தையே கிடையாது. இருபது வருஷம் புகையிலையோடு வெற்றிலை போட்டு ஈறு கெட்டு, நல்ல பல் ஆடி விழுந்தது. 2023-ல் நம்ம ஊர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது கொடிக்கால்காரன் என்று நெஞ்சை நிமிர்த்தியவன்தான் நான். இலைமேல் எனக்குக் கோபமில்லை. அதோடு சேர்கிற பாக்கும் புகையிலையும்தான் வினை. வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. நான் கவுளி கவுளியாக விற்றுக்கொண்டு வீட்டில் போடாதே என்றால் உன் அம்மா சிரிக்கிறாள். ஆனாலும் விட்டுவிட்டாள். ஈறில் படிந்த காரையை எடுத்தால் பல் ஆடும் என்று தெருவில் சொன்னதைக் கேட்டு அதைத் தள்ளிப்போட்டவள் அவள். பல் ஆட வைத்ததே அந்தக் காரைதான். சர்க்கரை இருக்கிற எனக்கு ஈறு கெட்டால் சர்க்கரையும் ஏறும் என்று டாக்டர் மிரட்டியிருப்பதால் நான் வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கொள்கிறேன்.

உனக்குச் சொத்தை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நைட் ஷிப்டில் ஆறு டீ குடிக்கிறாய், அதையும் அரை மணி நேரம் உறிஞ்சுகிறாய். சீனி வாய்க்குள் போனதும் பல்லில் இருக்கும் கிருமி அதைத் தின்று அமிலம் விடும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணிக்கு மேல் ஆகும். சரிக்கட்டுவதற்குள் அடுத்த டீ வந்தால் பல் எப்போதுதான் ஆறும்? எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். ஜிகர்தண்டாவை விடச் சொல்ல நான் யார், உட்கார்ந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைக் கொப்பளி. டீயில் இரண்டையாவது சீனி இல்லாமல் குடி.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று உன் அப்பத்தா பாடுவாள், தாத்தாவைக் காட்டுவாள். தாத்தா பல் கெட்டியாக இருந்ததற்கு வேலங்குச்சி மட்டும் காரணமில்லை, அவர் காலத்தில் சீனி ரேஷனில் அளந்துதான் கிடைத்தது. குச்சியில் ஃப்ளோரைடு கிடையாது. ஃப்ளோரைடு போட்ட சாதா பேஸ்ட் எதுவானாலும் போதும். கரி, உப்பு என்று பெயர் போட்டு இரட்டை விலைக்கு விற்பதை வாங்காதே. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கும் பாம்பு மாதிரி போடுவது அவர்கள் வியாபாரம், உனக்கு ஒரு பட்டாணி அளவு போதும். அப்படித் தேய்த்தால் 100 கிராம் டியூப் ஆறு மாதம் வரும். மிருதுவான பிரஷ், இரண்டு நிமிஷம், காலையிலும் படுக்கப் போகும்போதும். ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கினாலும் தூங்கும் முன் தேய்க்க வேண்டும். தேய்த்ததும் துப்பிவிட்டு விடு, குடம் குடமாகக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும்.

இன்று உன் கணக்கில் 2,000 போட்டிருக்கிறேன். போகவர, எக்ஸ்ரேக்கு. இதை மிச்சம் பிடித்துத் திருப்பிக்கொண்டு வந்தால் வாங்க மாட்டேன்.

இந்தத் தீபாவளிக்கு முறுக்கு சுடுவதா, அதிரசம் மட்டும் போதுமா என்று அம்மா கேட்கிறாள். டாக்டர் பார்த்த பிறகு சொல். அரிசி ஊறப்போட நாள் இருக்கிறது.

அப்பா