தங்கராசுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தங்கராசுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். தாராவியில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அம்மா முழங்காலுக்குத் தைலம் போடுகிறாள்.

கதிர் அந்த வால்டார்ஃப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டான். பரீட்சை எந்த போர்டில், எப்போது பணம் கட்ட வேண்டும் என்று பள்ளியில் விசாரித்துவிடு. மார்க் இல்லாமல் நாளைக்கு எந்தக் காலேஜிலும் உள்ளே விடமாட்டார்கள். போன மாதம் ஸ்டேஷனில் நான் சொன்னதும் இதற்காகத்தான். வேறு எதற்கும் இல்லை.

லீவுக்கு வந்தவன் ஒரு நோட்டை இங்கேயே விட்டுப் போயிருக்கிறான். பாடப்புத்தகம் கிடையாது தாத்தா, நாங்கள் எழுதுகிற நோட்டுதான் புத்தகம் என்றான். காலையில் இரண்டு மணி நேரம் ஒரே பாடம், மூன்று நாலு வாரத்துக்கு அதுவேதானாம். முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததை மறுநாள் யோசித்து எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் சூத்திரமாம். நீராவி என்ஜின் வரைந்திருக்கிறான். சிலிண்டர், பிஸ்டன், வால்வு எல்லாம் சரியாக இருக்கின்றன. கண்ணாடி போட்டு இரண்டு தரம் பார்த்தேன், ஒரு தப்பு இல்லை. என் பேரன்!

ஒன்பதாவதில் 'என்ன', பத்தாவதில் 'எப்படி', பதினொன்றில் 'ஏன்', பன்னிரண்டில் 'யார்' என்று கேட்கப் பழக்குவார்களாம். கடைசி வருஷம் தானே ஒரு விஷயத்தை எடுத்து, வருஷம் முழுக்க உழைத்து, எல்லார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டுமாம். நல்லதுதான். ஆனாலும் பரீட்சையை விட்டுவிடாதே.

நோட்டுக்குள் ஒரு காகிதம் இருந்தது, பெற்றோருக்குக் கொடுத்தது போல. 1919-ல் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் ஊரில், எமில் மோல்ட் என்பவர் தன் வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஃபாக்டரித் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் என்ற தத்துவ அறிஞரைக் கொண்டு தொடங்கியது இந்தப் படிப்பு என்று போட்டிருக்கிறது. பணக்காரர்கள் பொழுதுபோக்குக்குப் பிள்ளைகளை விடுகிற இடம் என்று ஸ்டேஷனில் உன்னை எல்லார் முன்னாலும் சொன்னேனே. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன்னை ஐந்தாம் வகுப்பில் சேர்த்தபோது, ஃபாரத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'கிளார்க்' என்று எழுதினேன். நீ பக்கத்தில் நின்று படித்தாய். ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் ரயில் பெட்டிக்கு அடியில் படுத்து வேலை செய்த ஃபிட்டர் நான். என் டூல்பாக்ஸைத் திறந்தாய் என்று உன்னை அடித்திருக்கிறேன். இந்தக் கை உனக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். அதைச் சொல்லியிருக்கலாம், அடித்தேன். கூட்டாளிகளோடு நீ எதிரே வந்த அன்றைக்கு, அழுக்குச் சட்டையோடு நான் அந்தப் பக்கம் திரும்பிப் போனதையும் நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியும்.

கதிர் மரம் இழைக்கிறான், பின்னல் போடுகிறான், இரும்பும் அடிப்பானாம். பொம்பளைப் பிள்ளைகளும் கூடவே செய்கிறார்களாம். வேலைக்காரன் ஆகிவிடுவானோ என்றுதான் அன்றைக்குப் பயந்தேன். வேலைக்காரனாக இருந்த நானே.

உத்யான் எக்ஸ்பிரஸில் நம்ம ஊர்ப் பையன் ஒருவன் வருகிறான். அவனிடம் என் அரம் இரண்டும் கொடுத்தனுப்புகிறேன். பெரியதற்குக் கைப்பிடி வெடித்திருக்கிறது. கதிரைப் புதுசு செய்து போடச் சொல், வேப்பமரமாக இருந்தால் நல்லது.

பரீட்சை விஷயம் விசாரித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கும் போகவில்லை, நானும் வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா