காயம்பட்டவரை மறுபடியும் அதே வாசலுக்கு அழைக்காதீர்கள்

துருக்கிக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

2018 ஏப்ரல் 19 அன்று இஸ்தான்புல்லின் கடிகோய் மைதானத்தில் நடந்ததை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. துருக்கிக் கோப்பை அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். ஃபெனர்பாச்சேவின் சொந்த மைதானத்தில் பெஷிக்டாஷ் ஆடிக்கொண்டிருந்தது. பார்வையாளர் மாடத்திலிருந்து பறந்து வந்த ஒரு பொருள் பெஷிக்டாஷ் பயிற்சியாளர் ஷெனோல் குனேஷின் தலையைத் தாக்கியது. தலையைப் பிடித்தபடி அவர் சரிந்தார். ஆட்டம் கைவிடப்பட்டது. மருத்துவமனையில் அவருக்குத் தையல் போட்டார்கள். அந்தப் படங்களை இன்றும் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

இத்தனை ஆண்டுகள் கழித்து இதை ஏன் கிளறுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். 2025 மார்ச்சில் குனேஷ் ட்ராப்சோன்ஸ்போர் அணியின் பயிற்சியாளர் பொறுப்பை விட்டு விலகினார். வயது எழுபத்திரண்டு. இனி எந்த அணியின் பெஞ்சிலாவது அவரைப் பார்ப்போமா, சொல்ல முடியாது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி வந்த கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். 2002 உலகக் கோப்பை இருந்தது, வென்ற பட்டங்கள் இருந்தன. கடிகோய் இரவு மட்டும் ஒரு வரியில் முடிந்துபோனது. அந்த ஒரு வரிக்குள் உங்கள் அமைப்பு தீர்க்காமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

நான் கோல்கீப்பராக இருந்தவன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. மாவட்ட அளவில் பதினான்கு ஆண்டுகள் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவன். அந்த இடத்தில் நின்றவனுக்குத்தான் ஒரு விஷயம் உடம்பில் ஊறியிருக்கும்: மற்ற பத்துப் பேரும் கூட்டத்திலிருந்து தள்ளி ஓடிக்கொண்டிருப்பார்கள், கோல்கீப்பர் மட்டும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். தண்ணீர் பாக்கெட் வரும், மண்ணாங்கட்டி வரும். ஒருமுறை எனக்குக் காதோரம் கல் வந்தது. திரும்பிப் பார்த்தால் பந்தை விட்டுவிடுவோம். பின்னால் இருப்பவர்கள் மனிதர்கள், நம்மைக் கொன்றுவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் திரும்பாமல் நிற்கிறோம்.

குனேஷும் கோல்கீப்பர்தான். 1972 முதல் 1987 வரை ட்ராப்சோன்ஸ்போரின் வலையைக் காத்தவர். பட்டம் என்றால் இஸ்தான்புல் கிளப்புகளுக்குத்தான் என்றிருந்த காலத்தில், கருங்கடல் ஓரத்து ஊரின் அணி ஒன்று 1975–76 பருவத்தில் அந்தப் பட்டத்தைத் தட்டிச் சென்றதே, அந்த அணியின் கோல்கீப்பர் அவர். அதன் பிறகும் ஐந்து முறை பட்டம் வந்தது. ஆறு முறையும் அவர் அங்கே இருந்தார். கையுறையைக் கழற்றிய பிறகு பயிற்சியாளரானார். பயிற்சியாளர் நிற்கும் இடமும் அப்படிப்பட்டதுதான்: கோட்டுக்கு இப்பால், கண் ஆட்டத்தின் மேல், முதுகு கூட்டத்தின் பக்கம். அரை நூற்றாண்டு ரசிகர்களுக்கு முதுகைக் கொடுத்து நின்ற மனிதர் அவர். கடிகோயில் அந்த நம்பிக்கைதான் அடிபட்டது.

அடித்தது யாரோ ஒருவர். அவரைப் பற்றி நான் எழுதவில்லை. அதன் பிறகு உங்கள் அமைப்பு செய்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆட்டம் நின்ற நிமிடத்திலிருந்து, மே 3 அன்று, அதே மைதானத்தில், ரசிகர்கள் இல்லாமல் தொடர வேண்டும் என்று முடிவு செய்தீர்கள். பெஷிக்டாஷ் வர மறுத்தது. வராத அணி 3–0 என்று தோற்றதாக அறிவித்தீர்கள். அதோடு நிற்காமல், அடுத்த பருவக் கோப்பையில் ஆடவும் அந்த அணிக்குத் தடை விதித்தீர்கள். தையல் போட்டுக்கொண்டவரின் அணிக்கு ஒரு வருடத் தண்டனை! இந்த வாக்கியத்தை எந்த மொழியில் எழுதினாலும் அது நேராக நிற்காது, ஐயா.

உங்கள் தரப்பு நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். ஒரு பொருள் விழுந்ததற்கெல்லாம் ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டால், நாளை வேண்டுமென்றே சுருண்டு விழுபவர்கள் வருவார்கள் என்பீர்கள். அன்று பெஷிக்டாஷ் பத்துப் பேருடன் ஆடிக்கொண்டிருந்தது, பெப்பே வெளியேற்றப்பட்டிருந்தார். முதல் ஆட்டம் 2–2, இது 0–0. மொத்தக் கணக்கு சமமானால் எதிரணியின் மைதானத்தில் அடித்த கோல்களைப் பார்க்கும் வெளியூர் கோல் கணக்கில் முன்னால் இருந்தது ஃபெனர்பாச்சே. ஆகவே ஆட்டத்தை நிறுத்தியது பெஷிக்டாஷுக்கு லாபம் என்று பேசியவர்களும் உண்டு. பேசட்டும். நான் கேட்பது வெற்றியை அல்ல. மருத்துவர்கள் காயத்தை உறுதி செய்த பிறகும் அந்தக் காயம் நேர்ந்த வாசலுக்கே அவரைத் திரும்பி வரச் சொல்லாதீர்கள் என்பதைத்தான் கேட்கிறேன். நடுநிலையான மைதானம் ஒன்று நாட்டில் இல்லையா? அந்த ஆண்டின் இறுதி ஆட்டத்தையே தியார்பகிரில் நடத்தினீர்கள். அங்கே அக்ஹிசார்ஸ்போர் ஃபெனர்பாச்சேவை 3–2 என்று வென்று கோப்பையைக் கொண்டுபோனது. இறுதி ஆட்டத்துக்குக் கிடைத்த பொது மைதானம் அரையிறுதியின் அரைமணி நேரத்துக்குக் கிடைக்காமல் போனது எப்படி?

அந்த மைதானத்தின் அணி அவருக்கு என்னவென்று இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். 1996இல் அவர் பயிற்சியளித்த ட்ராப்சோன்ஸ்போர் பட்டத்தை நெருங்கி வந்து, சொந்த ஊரில் ஃபெனர்பாச்சேவிடம் 2–1 என்று தோற்றது. வெற்றி கோலை அடித்தவர் அய்குட் கோஜாமான். 2011இல் இரு அணிகளும் 82 புள்ளிகளோடு முடித்தன. நேருக்கு நேர் மோதிய கணக்கில் பட்டம் ஃபெனர்பாச்சேவுக்குப் போனது. அப்போது அதன் பயிற்சியாளர் அதே கோஜாமான். 2018இல் கடிகோயில் எதிர்ப் பெஞ்சில் இருந்தவரும் அவரே. ஆட்டக்காரராக ஆறு லீக் பட்டம் கண்ட ஊருக்குப் பயிற்சியாளராக ஒரு லீக் பட்டத்தையும் கொடுக்க முடியாமல் போன மனிதர், அந்தத் தோல்விகளுக்குப் பிறகு யாரையும் அடிக்கவில்லை. பெஷிக்டாஷுக்குப் போய் 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம் வென்றார். சாம்பியன்ஸ் லீக்கில் போர்ட்டோ, லைப்சிக், மொனாக்கோ இருந்த பிரிவில் ஒரு தோல்வியும் இல்லாமல் முதலிடம் பிடித்தார். அந்தப் பருவத்தில்தான் இந்த அடி விழுந்தது.

ஃபெனர்பாச்சே ரசிகர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. 2015 ஏப்ரலில் அவர்களுடைய அணி சென்ற பஸ் மீது ட்ராப்சோன் அருகே துப்பாக்கிச் சூடு நடந்து, ஓட்டுநர் காயமடைந்தார். 2024 மார்ச்சில் ட்ராப்சோனில் அவர்கள் வென்ற இரவில் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து ஆட்டக்காரர்களைத் தாக்கினார்கள். அது நடந்த விளையாட்டு வளாகத்தின் பெயர் ஷெனோல் குனேஷ். தலையில் அடிவாங்கியவரின் பெயரைத் தாங்கிய இடத்தில், அவரை அடித்த அதே வெறி! அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

தலைவர் அவர்களே, 2015 அக்டோபரில் ஓர் ஆட்டம் முடிந்த பிறகு நடுவர்கள் மணிக்கணக்கில் மைதானத்துக்குள்ளேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். அன்று ட்ராப்சோன்ஸ்போரின் தலைவராக இருந்தவர் நீங்கள். இதை நினைவூட்டுவது மரியாதைக் குறைவு என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மனிதர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் அந்த நாற்காலியில் இதுவரை அமர்ந்திருக்க மாட்டார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் நாட்டில் பயிற்சியாளரை ஹோஜா என்று அழைக்கிறார்கள். ஆசிரியரையும் அதே சொல்லால்தான் அழைப்பார்கள். குனேஷ் ஆசிரியர் பயிற்சி பெற்று உண்மையிலேயே பள்ளியில் பாடம் நடத்தியவர். வாத்தியார் மேல் கல் விழுந்தால் பள்ளி என்ன செய்ய வேண்டும்? மாணவர்களைக் கூட்டி, மணி அடித்து, அதே வகுப்பில் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடரச் சொல்லுமா? அவர் வர மறுத்தால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போடுமா?

வாயால் ஹோஜா என்று வணங்குவதும், இரண்டு ஆட்டம் தோற்றதும் வாசலைக் காட்டுவதும் உங்கள் நாட்டுக் கால்பந்துக்குப் பழகிப்போய்விட்டது. 2002 உலகக் கோப்பையில் குனேஷ் உங்கள் தேசிய அணியின் பயிற்சியாளராக ஜப்பானையும் செனகலையும் வென்று, அரையிறுதியில் பிரேசிலிடம் ஒரே ஒரு கோலில் தோற்று, தேகுவில் தென்கொரியாவை 3–2 என்று வீழ்த்தி, உலகில் மூன்றாம் இடத்தை உங்களுக்குக் கொண்டுவந்தார். அன்று ஆட்டம் முடிந்ததும் இரு அணி வீரர்களும் கைகோத்து ரசிகர்களை நோக்கி நடந்தார்களே, அதை இங்கே தொலைக்காட்சியில் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருவன். ஒன்றரை ஆண்டு கழித்து லாட்வியாவிடம் தோற்றதும் அவரை அனுப்பிவிட்டீர்கள். மறுபடி அழைத்தீர்கள், நெதர்லாந்திடம் 6–1 என்று தோற்றதும் மறுபடி அனுப்பினீர்கள். தோற்ற பயிற்சியாளர் போவது கால்பந்தில் எங்கும் உள்ளதுதான். ஆனால் போகிறவருக்குப் பின்னால் ஒரு நன்றிக்கடன் இருப்பது யாருக்காவது நினைவிருக்கிறதா? நான் கேட்க வந்தது வேறு. மன்னிக்க வேண்டும்.

2023 டிசம்பரில் அங்காராவில் ஒரு கிளப்பின் தலைவர் மைதானத்துக்குள் இறங்கி நடுவரின் முகத்தில் குத்தினார். அன்று உங்கள் கூட்டமைப்பு எல்லா லீக் ஆட்டங்களையும் நிறுத்தியது. நல்ல முடிவு, மனமாரப் பாராட்டுகிறேன். அடிபட்டவரைப் பார்த்துவிட்டு அட்டவணையைப் பார்க்கலாம் என்று உங்களால் முடிவெடுக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. நடுவருக்குக் கிடைத்த அந்த மரியாதையைப் பயிற்சியாளருக்கும், மாற்று ஆட்டக்காரருக்கும், பந்து பொறுக்கிப் போடும் சிறுவனுக்கும் விதியாக எழுதி வையுங்கள்.

அந்த விதி நான்கு வரியில் அடங்கும். பார்வையாளர் மாடத்திலிருந்து வந்த பொருளால் ஒருவர் காயமடைந்து, அதை மருத்துவர் உறுதி செய்து, ஆட்டம் கைவிடப்பட்டால், அந்த ஆட்டம் அதே மைதானத்தில் தொடரக் கூடாது. காயம்பட்டவரின் அணி அங்கே வர மறுத்தால், அந்த மறுப்புக்காக அதைத் தண்டிக்கக் கூடாது. அவ்வளவுதான். யாருக்கும் வெற்றியைத் தானமாகக் கொடுக்க வேண்டாம். 2018இன் முடிவை மாற்றவும் வேண்டாம். அந்தக் கோப்பை அக்ஹிசாரில் இருக்கட்டும்.

அடுத்த பருவத்துக்கான கோப்பை விதிகளை நீங்கள் இறுதி செய்யும் முன் இந்த நான்கு வரியைக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டால், அச்சாவதற்கு முன் குனேஷ் அவர்களுக்கு ஒரு பிரதியை அனுப்பிவையுங்கள். மறுத்தாலும் அதற்கான காரணத்தை அவருக்கு எழுதுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

மரியாதையுடன்,
கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற ஒருவன்