ஆடிப்பட்டம் ஆரல்வாய்மொழிக்கு ஒத்துவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையலுக்கு வேண்டிய இலைகளைத் தொட்டியில் வளர்ப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்புகளைப் படித்தேன். நல்ல குறிப்புகள்தான், ஆனால் சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு. ஆடிப்பட்டத்தில் கொத்தமல்லி விதைக்கச் சொல்கிறீர்கள், அதுவும் மொட்டை மாடியில். ஆடியில் எங்கள் ஊர் மாடிக்கு ஒருநாள் ஏறிப் பாருங்கள். பக்கத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டது சும்மா இல்லை. நான் தையல் கடை வைத்திருப்பவள். அந்த மாதங்களில் ஒரு துணியைக்கூட மாடியில் உலர்த்த மாட்டேன். மல்லி நாற்று எம்மாத்திரம்? காலையில் தண்ணீர் ஊற்றிய செடிப்பை மதியத்துக்குள் மேலே வெளுத்துக் காய்ந்துவிடும்.

அதே ஆடியில், மாவட்டத்தின் மேற்கே மலையோரமாக இருக்கும் குலசேகரத்தில் என் அக்கா வீட்டில் நிலைமை நேர் எதிர். அங்கே இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், பிடித்த மழை விட்டபாடில்லை, அத்தான் ரப்பர் பால் வெட்டப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மேற்கே அது சரி. எங்கள் தோவாளைப் பக்கம் தென்மேற்குப் பருவம் என்றால் பெரும்பாலும் காற்றுதான், கூடவே கொஞ்சம் சாரல். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான்.

அதனால் மண், நார்க்கழிவு, தொழுவுரம் மூன்றும் சம அளவு என்ற உங்கள் கணக்கு இரண்டு வீட்டுக்கும் பொருந்தாது. தென்னை நார்க்கழிவு தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். எனக்கு அது கூடுதலாக வேண்டும். அக்காவுக்குப் பாதி போதும், மீதிக்கு மணல். இன்னொன்று: காயலின் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட தேங்காய் மட்டையிலிருந்து வரும் நார்க்கழிவில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் போட்டால் இலை ஓரம் கருகும். தென்னை நிறைந்த ஊரில் விற்கும் பத்திரிகை இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

கற்பூரவல்லி எங்கள் காற்றில் தடித்துச் செழிக்கிறது. அக்கா வீட்டில் மழை நேரடியாக விழுந்தால் தண்டு அழுகுகிறது, இறவாரத்துக்கு உள்ளே வைத்தால்தான் நிற்கிறது. புதினாவுக்கு அவள் வீடுதான் சொர்க்கம். கடையில் வாங்கும் கட்டிலிருந்து முற்றிய தண்டை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளித் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். வேர் பக்கவாட்டில் ஓடுவதால் ஆழமான தொட்டி வேண்டாம். மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் அடியில் துளை போட்டு வளர்க்கலாம். மழைக்காலத்தில் மட்டும் இலையின் அடியில் காவி நிறப் புள்ளிகள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வந்தால் ஒட்ட வெட்டிவிட வேண்டியதுதான்.

கறிவேப்பிலைக்கு விதை பாக்கெட் வாங்கச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. காய்ந்த கறிவேப்பிலை விதை முளைப்பது அபூர்வம். பழுத்த பழத்தைப் பிதுக்கி உடனே ஊன்ற வேண்டும், இல்லை, பழைய மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பெயர்த்து வர வேண்டும். பூங்கொத்தைக் கிள்ளி எறிந்தால் இலை பெருகும். பறவை எச்சம் போல இலையில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிப் புழு; கையால் எடுத்துப் போட்டால் போதும், மருந்து வேண்டாம். கடையில் வாங்கும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருக்கிறது என்று பயந்துதானே வீட்டில் வளர்க்கிறோம்? மீன் கழுவிய தண்ணீர் ஊற்றலாம், உப்பு போட்டுக் கழுவியது கூடாது. ஆனால் தெருப் பூனையெல்லாம் வந்து தொட்டியைக் கிளறும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

மல்லியை இங்கே மழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தையில் விதைப்பதே நல்லது. சமையலறை மல்லியையே இரண்டாக உடைத்துத் தூவலாம். வெயில் ஏறினால் சீக்கிரம் பூத்துவிடும் என்பதால் இளசாகவே வெட்டிவிட வேண்டும்.

பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உங்கள் நிருபர் இரண்டு இடத்திலும் கேட்டு, மலையோரத்துக்கு ஒன்று, தோவாளை, அகஸ்தீசுவரம் பக்கத்துக்கு ஒன்று என்று மாதவாரியாகப் போடலாமே. மல்லிக்கான குறிப்பு கார்த்திகை முடிவதற்குள் வந்தால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
தையற்கடை வாசகி,
ஆரல்வாய்மொழி