மதில் உடைப்பை அடைத்து, குப்பையை அகற்றக் கோரி நான்காவது மனு

பெறுநர்: வன அலுவலர் அவர்கள், மும்பை.

அனுப்புநர்: முலுண்ட் காலனி காட்டோரச் சாலில் (ஒற்றை அறை வரிசை வீடுகளில்) வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள்.

ஐயா,

வணக்கம். மழைக்கு முன் ஒன்று, மழையில் இரண்டு என மூன்று மனு கொடுத்துவிட்டோம். முத்திரை போட்ட நகல்கள் எங்களிடம் இருக்கின்றன; பதில் வரவில்லை. கையெழுத்துப் போடுகிற எல்லோரும் படித்துவிட்டுப் போட வேண்டும் என்பதால் தமிழில் எழுதியிருக்கிறோம். மராத்தி நகலை இணைத்துள்ளோம்.

1. எங்கள் பொதுக் கழிப்பறைக்குப் பின்னால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டு மதில் இடிந்து கிடப்பது தாங்கள் அறிந்ததே. போரிவலி வாசலில் சீட்டு வாங்கிப் போக வேண்டிய கூட்டம், மழைக்கால ஞாயிறுகளில் இந்த உடைப்பு வழியாக ஓடைக்குப் போகிறது.

2. அவர்கள் விட்டுப்போகும் பிரியாணிப் பொட்டலமும் எலும்பும் மதிலடியில் குவிகின்றன. அதற்கு நாய்கள் வருகின்றன. நாய்களுக்குச் சிறுத்தை வருகிறது. கழிப்பறையும் அங்கேதான் இருக்கிறது, ஐயா. இரவில் எங்கள் பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து, டார்ச் அடித்து, தட்டைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மாசமாக இருக்கும் பெண்ணும் அப்படித்தான். வயிற்றுப்போக்கு வந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது ஒரு வீடு. இதை மூன்று தடவை எழுதியாகிவிட்டது. இன்னும் எப்படி எழுதினால் படிப்பீர்கள்?

3. கூண்டு வைக்கச் சொல்லவில்லை. 2004-இல் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றிச் சிறுத்தை அடித்து எத்தனை உயிர் போனது என்பதை எங்கள் பெரியவர்கள் மறக்கவில்லை. வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளை இங்கே கொண்டுவந்து விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னால் ஆய்வாளர்களே சொன்னார்கள். இங்கிருப்பதைப் பிடித்துப் போனாலும் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். மும்பைக்குக் குடிநீர் தரும் துளசி, விஹார் ஏரிகளும் இந்தக் காட்டுக்குள்தானே இருக்கின்றன? காடு நன்றாக இருக்கட்டும், சிறுத்தையும் இருக்கட்டும். குப்பை போக வேண்டும்.

4. மதிலுக்கு இந்தப் பக்கக் குப்பை வேறு அலுவலகம் என்றார்கள். சரி, மதில் யாருடையது?

மதிலை அடையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு காவலரை நிறுத்துங்கள். அப்புறம், ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் தாங்களே அந்தப் பாதையில் வந்து நின்று பாருங்கள். எங்கள் பெண்கள் தட்டோடு வருவார்கள்.

முதலில் மதிலையாவது அடைத்துக் கொடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
கையெழுத்திட்டுள்ள குடும்பத்தார்